மண்ணுக்குள் மறையும் கான்கிரீட்: அடித்தளம் இடும் முறையும் நீர்க்காப்பும்

பால் காய்ச்சிக் குடிபுகுந்த இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில், கூடத்துச் சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்கு ஓதம் ஏறி, வண்ணப்பூச்சு பொரிந்து, அதன் பின்னே வெள்ளை உப்பு பூத்து நிற்பதைச் சென்னையின் தென்புறநகர்களில் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். வீட்டுக்காரர் காரையைச் செதுக்கி, நீர்க்காப்பு மருந்து கலந்து புதிதாகப் பூசுகிறார். அடுத்த மழையில் ஓதம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. அதற்கான காரணம் அந்தச் சுவருக்கு நான்கைந்து அடி கீழே, குழி தோண்டிய வாரத்திலும் கான்கிரீட் கொட்டிய நாளிலும் விட்டுப்போன சில வேலைகளில் இருக்கிறது. மண் மூடிய பிறகு அங்கே போய் அவற்றைச் செய்ய வழியில்லை.

முதன்முறையாக வீடு கட்டுகிறவர்களையும், படிப்பை முடித்துக் கட்டுமானத் தளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் போன்ற இடங்களில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும் நிலத்தில், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட தனிவீடு ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தூணுக்கும் அதன் சுமையை மண்ணில் பரப்பும் அகன்ற அடிக்கட்டான தனி ஃபூட்டிங், தூண்களைத் தரைமட்டத்தருகே இணைக்கும் உத்திரமான பிளின்த் பீம், முன்புறத்தில் ஒரு நிலத்தடித் தொட்டி என்பதே இத்தகைய வீடுகளின் வழக்கமான அமைப்பு.

மண்ணும் நீரும்

முதல் செலவு மண் பரிசோதனைக்கு ஆக வேண்டும். துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டும் மண் மாதிரிகளைக் கொண்டும் கணிப்பார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் தாங்குதிறனை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். நீர்மட்டம் எத்தனை அடியில் இருந்தது, அது எந்தத் தேதியில் அளக்கப்பட்டது, மண்ணிலும் நீரிலும் குளோரைடும் சல்பேட்டும் எவ்வளவு என்ற மூன்றும் நீர்க்காப்புக்கு அதே அளவு முக்கியமானவை. வைகாசியில் பன்னிரண்டு அடியில் இருந்த நீர் கார்த்திகையில் மூன்றடிக்கு ஏறிவிடக்கூடும் என்பதால், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் நீர் எதுவரை வருகிறது என்று அங்கே நெடுநாள் குடியிருப்பவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்தையே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும்படி பொறியாளரிடம் சொல்ல வேண்டும்.

கோவை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் உள்ள கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்புடையது; அங்கே அடியில் குமிழ் விரிந்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) அடித்தளத்தைப் பொறியாளர் பரிந்துரைப்பது வழக்கம். அத்தகைய நிலத்தில் இங்கே சொல்லப்படும் தனி ஃபூட்டிங் முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

தை முதல் வைகாசி வரையிலான காலத்துக்குள் அடித்தள வேலையை முடித்துக்கொள்வது எந்த மருந்தையும்விட நல்ல நீர்க்காப்பு. புரட்டாசியில் குழி தோண்டத் தொடங்குகிறவர் கூலியில் ஒரு பங்கைத் தண்ணீர் இறைப்பதற்கே கொடுக்க நேரும்.

குழி

நூல் பிடித்து மூலைகளைக் குறிப்பது மேஸ்திரிக்குப் பழகிய வேலை. எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள இரண்டு குறுக்களவுகளும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டும் நீங்களே நாடாவைப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. மூன்றடியாவது தள்ளிக் கொட்ட வேண்டும். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் அல்லது பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் ஒன்று சரிந்து இருவர் உயிரிழந்தனர். அது மிகப் பெரிய பள்ளம்தான்; ஆனாலும் நீர் ஊறிய களிமண் ஆறடிக் குழியிலும் முன்னறிவிப்பின்றிச் சரியும் என்பதை இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் எவரும் அறிவர். மழை பெய்த மறுநாள் காலையில், பக்கச் சுவர்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரையும் குழிக்குள் இறக்காதீர்கள்.

கடைசி ஆறு அங்குலத்தைப் பொக்லைன் கொண்டு எடுக்காமல், ஃபூட்டிங்குக்குக் கீழே இடும் அடித்தட்டுக் கான்கிரீட் போடும் அன்று ஆள் வைத்து வெட்டி மட்டப்படுத்த வேண்டும். முன்கூட்டியே வெட்டி வைத்தால் அந்த மண் காற்றும் மழையும் பட்டு இளகிவிடும். அளவுக்கு மேல் ஆழமாக வெட்டிவிட்டால், அந்தப் பள்ளத்தைத் தோண்டிய மண்ணால் நிரப்பாமல் கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும்.

நீர் ஊறும் குழியில், ஃபூட்டிங் அமையும் பரப்புக்கு வெளியே ஒரு மூலையில் ஓரடி ஆழம் கூடுதலாகச் சிறு கிணறு போல வெட்டி, அதில் மோட்டாரின் உறிஞ்சுகுழாயை வைக்க வேண்டும். குழியின் நடுவிலிருந்து இறைத்தால் தண்ணீரோடு மண்ணின் நுண்துகள்களும் வெளியேறி, ஃபூட்டிங் உட்கார வேண்டிய இடமே பலமிழந்துவிடும். நான் பணியைத் தொடங்கிய புதிதில், இரவு பெய்த மழையில் நிரம்பிய குழியைக் காலையில் இறைத்துவிட்டு, அடியில் நின்ற சேற்றின் மேலேயே அடித்தட்டுக் கான்கிரீட்டைப் போட விட்டுவிட்டேன். மாலையில் அதன் மேல் ஏறி நின்றபோது ஓரத்தில் சேறு பிதுங்கி வெளியே வந்தது. மறுநாள் முழுவதையும் உடைத்து அள்ளினோம். அன்றிலிருந்து, இறைத்த குழியில் கால் வைத்தால் தடம் பதிகிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்கு நான் ஒப்புவதில்லை.

அடித்தட்டாக, சிமென்ட், மணல், ஜல்லி 1:3:6 அல்லது 1:4:8 விகிதத்தில் ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொண்டு நான்கு அங்குல கனத்தில் கான்கிரீட் இட்டு, ஃபூட்டிங்கின் அளவைவிடச் சுற்றிலும் நான்கு முதல் ஆறு அங்குலம் வெளியே நீட்ட வேண்டும். கம்பி மண்ணைத் தொடாமல் இருக்கவும், மேலே கொட்டும் கான்கிரீட்டின் சிமென்டுப் பால் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் இருக்கவும் இதுவே துணை.

கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே இரண்டு அங்குலம்

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 ஃபூட்டிங்கில் கம்பிக்கு வெளியே குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உவர்நீர் உள்ள இடங்களில் பொறியாளர்கள் 75 மி.மீ. கேட்பதுண்டு. இந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குகளை, ஃபூட்டிங்குக்குரிய அதே தரக் கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்து, ஈரம் காயாமல் நீராற்றி வைத்திருக்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாகத் தளத்தில் கிடக்கும் ஜல்லித் துண்டையோ உடைந்த ஓட்டையோ செருகுவது எங்கும் நடக்கிறது. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் அதிர்வூட்டியை இறக்கியதும் அந்தத் துண்டு நழுவி, கம்பிவலை அடித்தட்டின் மேல் படுத்துவிடுகிறது. அதன் பிறகு நிலத்தடி நீருக்கும் கம்பிக்கும் இடையே தடுப்பு என்று எதுவும் இல்லை. துருப்பிடித்த கம்பி உப்பிப் பருமனாகும். அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவின் வழியே இன்னும் நீர் வரும்.

கலவையும் தண்ணீரும்

இந்த வேலை முழுவதிலும் ஒரே ஒரு நாள்தான் நீங்கள் தளத்தில் நிற்க முடியும் என்றால், ஃபூட்டிங் கான்கிரீட் போடும் நாளில் நில்லுங்கள்.

பல வரைபடங்களில் ஃபூட்டிங்குக்கு எம்20 என்று எழுதியிருப்பார்கள்; இது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமையும் கூடும். மண்ணுக்குள் புதையும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 நடுத்தரத் தாக்கத்துக்கு உள்ளாவதாக வகைப்படுத்துகிறது. அந்த வகைக்குக் குறைந்தது எம்25 தரமும், ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்டும் வேண்டும். தண்ணீரின் எடை சிமென்டின் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மண்ணிலோ நீரிலோ உப்பும் சல்பேட்டும் மிகுந்திருந்தால் தரம் இன்னும் உயரும். எம்20 வரைதான் 1:1½:3 போன்ற வாய்ப்பாட்டு விகிதத்துக்கு விதியில் இடம் உண்டு. எம்25 என்றால் நீங்கள் வாங்கும் மணலையும் ஜல்லியையும் ஆய்வகத்தில் கொடுத்து, எடைக் கணக்கில் கலவை வடிவமைப்புப் பெற வேண்டும், அல்லது ஆயத்தக் கலவை (ரெடி மிக்ஸ்) நிலையத்திலிருந்து வரவழைக்க வேண்டும்.

50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, பாதிக் கணக்கில் பார்த்தால், 25 லிட்டர் தண்ணீர். மூட்டை ஒன்றுக்குச் சேரும் மணல் ஏறக்குறைய 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் நனைந்த எம்-சாண்டில் 5 சதவீத ஈரம் இருந்தால், 5 லிட்டர் தண்ணீர் மணலோடு ஏற்கெனவே கலவைக்குள் போய்விட்டது. எனவே ஊற்ற வேண்டியது 20 லிட்டர்தான். கலவை இயந்திரத்தின் அருகே நிற்கும் ஆள், கலவை இறுகலாகத் தெரிந்தால், யாரையும் கேட்காமல் அரை வாளி கூட ஊற்றுவார். பாண்டில் அள்ளவும் குழியில் பரப்பவும் அது எளிதாகிவிடும். அந்த அரை வாளியில் சிமென்டோடு வினைபுரியத் தேவையில்லாத தண்ணீர் பின்னர் வெளியேறும்போது, தான் இருந்த இடத்தில் தலைமுடியினும் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. நான்கு மாதம் கழித்து நிலத்தடி நீர் உள்ளே வருவது அந்தத் துளைகளின் வழியேதான். ஆகவே இயந்திரத்தின் அருகே அளவுக் கோடு போட்ட ஒரே வாளியை மட்டும் வைத்து, மற்றவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். கலவை இறுகலாக இருந்தால் இளக்குவதற்கென்றே விற்கும் வேதிப்பொருளைப் பொறியாளர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். தண்ணீரைச் சேர்க்கக் கூடாது.

கலக்கும் நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்குக் குறையக் கூடாது என்பது விதி. கடலோரப் பகுதிகளில் உவர்க்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு கலப்பது, துருவைக் கையோடு கொண்டுவந்து கம்பியைச் சுற்றிப் பூசுவதற்கு ஒப்பாகும்.

கொட்டும்போது ஐந்தடிக்கு மேலிருந்து நேரே விழச்செய்தால் ஜல்லி தனியாகவும் சாந்து தனியாகவும் பிரிந்துவிடும். விதி சொல்லும் எல்லை 1.5 மீட்டர். ஆழமான குழிக்குத் தகரச் சறுக்கு வைத்து இறக்குங்கள். ஓரடி கனம் சேர்ந்ததும் அதிர்வூட்டியின் ஊசியைச் செங்குத்தாக, விரைவாக இறக்கி, மேற்பரப்பில் காற்றுக்குமிழ் வருவது நின்று பளபளப்புத் தெரிந்ததும் மெதுவாக எடுக்க வேண்டும். பிறகு ஓரடி, ஒன்றரையடி தள்ளி அடுத்த இடம். ஊசியால் கான்கிரீட்டைத் தள்ளிப் பரப்புவதும் கம்பியில் வைத்து அதிர விடுவதும் கூடாது. அதிர்வு எட்டாத இடத்தில்தான் ஜல்லி மட்டும் தெரியும் தேன்கூடுகள் உருவாகின்றன.

1.5 மீட்டர் நீள அகலமும் 45 செ.மீ. கனமும் உள்ள ஒரு ஃபூட்டிங்குக்கு ஒரு கன மீட்டர் கான்கிரீட், அதாவது ஏறக்குறைய ஏழு மூட்டைச் சிமென்ட் ஆகும். ஒரு ஃபூட்டிங்கைத் தொடங்கினால் இடையில் உணவு இடைவேளை விடாமல் அதை முடித்தாக வேண்டும், ஏனெனில் இறுகிவிட்ட பழைய பரப்பின் மேல் புதுக் கான்கிரீட்டைப் போட்டால் அந்தச் சேர்ப்புக்கோடு நீருக்குக் கதவாகிவிடும். இடையே மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ஈரமான மேற்பரப்பில் வெறும் சிமென்டைத் தூவித் தேய்க்கும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள், அது பின்னர் ஏடாகப் பெயர்ந்துவிடும். அன்றைய கலவையிலிருந்து 15 செ.மீ. கனசதுரக் கட்டிகளை வார்த்து, 28-ஆம் நாள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 5 கன மீட்டர் வரை மூன்று கட்டிகள் கொண்ட ஒரு மாதிரியும், 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரிகளும் தேவை.

இறைக்கும் மோட்டாரை மறுநாள் வரை நிறுத்தக் கூடாது. இறுகாத கான்கிரீட்டின் மேல் ஊற்று நீர் ஏறினால் சிமென்டுப் பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். இறுகிய பிறகு நிலைமை தலைகீழ்: அப்போது அதற்கு ஈரம் வேண்டும். நம் வெயிலில் குறைந்தது பத்து நாளும், மூட்டையில் PPC என்று அச்சிட்டிருக்கும் போர்ட்லாண்ட் பொஸோலானா போன்ற கலப்புச் சிமென்டாக இருந்தால் பதினான்கு நாளும், கோணிச் சாக்கைப் போர்த்தி அது காயாதபடி நீராற்ற வேண்டும்.

மண் மூடுவதற்கு முன்

நல்ல கான்கிரீட்டின் மேல் பூச்சு ஒரு கூடுதல் காவல். மோசமான கான்கிரீட்டை எந்தப் பூச்சும் மீட்டுவிடாது. மண்ணுக்குள் இருக்கும் தூண் அடிகளிலும் ஃபூட்டிங்கின் மேற்பரப்பிலும் பூசுவதற்கு முன், கம்பித் தூரிகையால் தேய்த்து ஏடுகளை நீக்கி, தேன்கூடுகளைக் கெட்டியான பகுதி வரை செதுக்கி, சுருங்காத சாந்தால் அடைக்க வேண்டும். தூண் ஃபூட்டிங்கோடு சேரும் உள்மூலையில் இரண்டு அங்குலச் சரிவாகச் சாந்து வைத்து மழுங்கச் செய்வது நல்லது; கூர்மூலையில்தான் பூச்சு முதலில் கீறும்.

தார்க்குழம்பு, சிமென்டும் பாலிமரும் கலந்த இருபொருள் பூச்சு, நெருப்பு காட்டி ஒட்டும் தார்ச் சவ்வு ஆகிய மூன்றும் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன. தார்ச் சவ்வுக்கு முற்றிலும் காய்ந்த பரப்பு வேண்டும் என்பதால், ஈரம் விடாத குழியில் அது பிடிக்காது. சிமென்ட்–பாலிமர் பூச்சை ஈரப்பரப்பிலேயே பூசலாம். அதனால் இந்தப் பகுதித் தனிவீடுகளுக்கு நான் பெரும்பாலும் அதையே சொல்கிறேன். முதல் பூச்சு மேல்கீழாகவும், அது இறுகியபின் இரண்டாவது குறுக்காகவும் போக வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் கட்டட இடிபாட்டைக் குழியில் தள்ளி மூடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு செங்கல் முனை போதும், பூச்சு கிழிந்துவிடும். கல்லில்லாத மண்ணையோ கிராவலையோ ஆறு முதல் எட்டு அங்குல அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு கொண்டு இறுக்க வேண்டும்.

பேஸ்மென்டும் ஓதத் தடுப்பும்

நம்மூரில் பேஸ்மென்ட் என்றால் தரைமட்டத்துக்கு மேலே வீட்டின் தளம் வரை உயர்த்தும் பகுதி. அதைச் சாலையைவிட மூன்றடியாவது உயர்த்துங்கள், ஏனெனில் பழைய தாரைச் சுரண்டாமல் போடும் ஒவ்வொரு புதிய சாலையும் சில அங்குலம் மேலே வருகிறது.

மண்ணில் உள்ள நீர் நுண்துளைகளின் வழியே தானாகவே மேலேறும். பரு மணலில் அது சில அங்குலத்தில் நின்றுவிடும், களிமண்ணில் பல அடி ஏறும். அதைச் செங்கல்லுக்குப் போகவிடாமல் நிறுத்தும் இடம் பிளின்த் பீமின் மேற்பரப்பு. அங்கே ஒன்றரை முதல் இரண்டு அங்குல கனத்தில், நீர்க்காப்புச் சேர்மானம் கலந்த செறிவான கான்கிரீட்டை இடைவெளியின்றிச் சுவரின் முழு அகலத்துக்கும் இட்டு, காய்ந்ததும் தார்ப்பூச்சு பூசி, அதன் பிறகே முதல் வரிசைச் செங்கல்லை வைக்க வேண்டும். அறைக்குள் நிரப்பிய மண்ணை இறுக்கி, மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பை ஓரடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி விரித்து, அதன் மேல் தளக் கான்கிரீட் போட்டால் தரை வழியே வரும் ஈரமும் நிற்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, வெளிச்சுவர்ப் பூச்சை மண்ணுக்குள் வரை இழுத்துவிட்டால் ஓதத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நீர் ஏறிவிடும். தோட்டத்துக்காகச் சுவரோரம் மண் கொட்டி அந்த மட்டத்தை மூடினாலும் அதே விளைவுதான்.

நிலத்தடித் தொட்டி மிதக்கும்

இதைச் சொன்னால் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியளவில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள தொட்டி, நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்தால், 12 கன மீட்டர் நீரை ஒதுக்குகிறது. அதாவது 12 டன் விசை அதைக் கீழிருந்து தூக்குகிறது. 15 செ.மீ. கனச் சுவரும் அடித்தட்டும் கொண்ட, மூடி போடாத காலித் தொட்டியின் எடை ஏறக்குறைய 8.8 டன், மூடி போட்டாலும் 10.5 டன்தான். மழை வலுத்த இரவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பி, குழாய் இணைப்புகளை முறித்துக்கொண்டு நிற்கும்.

அடித்தட்டைச் சுற்றிலும் ஓரடி வெளியே நீட்டி வார்த்தால், அதன் மேல் உட்காரும் மண்ணின் எடை தொட்டியைப் பிடித்துவைக்கும். அடித்தட்டோடு சேர்த்தே சுவரின் முதல் நான்கு முதல் ஆறு அங்குலத்தையும் வார்த்து, சேர்ப்பு இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப்பர் பட்டையை நடுவில் நிறுத்த வேண்டும். அடித்தட்டும் சுவரும் சேரும் மூலையிலேயே சேர்ப்பை விட்டால் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். உள்ளே நீரை நிரப்பி ஒரு வாரம் மட்டத்தைக் குறித்துப் பார்த்து, கசிவில்லை என்று உறுதியான பிறகே வெளிப்புறம் பூச்சு பூசி மண்ணை மூடுங்கள். தை பிறக்கும் வரை தொட்டியைக் காலி செய்ய வேண்டாம். கழுவ வேண்டுமானால் கோடையில் கழுவிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன், நாடாவை விரித்துப் பிடித்து, ஃபூட்டிங்கின் அளவும் கம்பியின் இடைவெளியும் தெரியும்படி படம் எடுத்து, எந்தத் தூண், எந்தத் தேதி, அன்று நீர்மட்டம் எங்கே இருந்தது என்று எழுதி, வரைபடத்தோடும் கட்டிச் சோதனை முடிவுகளோடும் ஒரே உறையில் வையுங்கள். இருபது ஆண்டு கழித்து இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்டு வரும் பொறியாளருக்கு, தரையைத் தோண்டாமல் அடித்தளத்தைக் காட்டக்கூடியது அந்த உறை ஒன்றுதான்.